கூத்தை வெட்டாதீர்கள், ஓர் இரவு தாருங்கள்

வடக்கு மாகாணத்தில் பண்பாட்டலுவல்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், பிரதேச கலாசாரப் பேரவைகளின் அங்கத்தவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் கலைவிழா நடத்தும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் கரையோரக் கிராமங்களின் கூத்தை உங்கள் விழா நிரலில் இருபது நிமிட நிகழ்ச்சியாகப் போடுவதை நிறுத்துங்கள். அதற்குச் செலவாகும் காசு எவ்வளவோ, அதைச் சேர்த்து வருடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு கரையோர ஊரில், ஒரு கூத்தை முழுதாக ஆடக் கொடுங்கள். இவ்வளவுதான். வேலை நெருக்கடி உள்ளவர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதுதான்.

நான் பாஷையூர்ப் பக்கத்துக்காரன். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் அல்ல, ராசா வேசம் கட்டியவனும் அல்ல. பிற்பாட்டுக்காரன். மேடையில் நிற்பவர் ஒரு அடியைப் பாடிவிட்டால் அதைத் திருப்பிப் பாடி, அவர் அடுத்த அடிக்கு மூச்சு எடுக்கும் வரைக்கும் பாட்டு விழாமல் தாங்கிக்கொள்வது என் வேலை. ஆகவே எந்தக் கூத்தில் எது வெட்டுப்படுகிறது என்பது எனக்கு முதலில் தெரியும். வெட்டுவதென்றால் முதலில் வெட்டுவது எங்களைத்தான்.

அண்மைக் காலத்தில் ஒரு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். யார் நடத்தியது, எங்கே என்பதெல்லாம் இங்கே தேவையில்லை, ஏனென்றால் எல்லா இடமும் ஏறக்குறைய அப்படித்தான். வாரநாள், காலை ஒன்பதரை. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்பு விருந்தினர் உரை, கௌரவ விருந்தினர் உரை, பொன்னாடை. கூத்துக்கு நேரம் வரும்போது மதியச் சாப்பாட்டுப் பார்சல்கள் வந்து இறங்கிவிட்டன. "அண்ணை, இருபது நிமிசம் எண்டதைப் பதினைஞ்சா முடிச்சுத் தாங்கோவன்" என்று ஒரு தம்பி வந்து மரியாதையாகத்தான் கேட்டான். அவனில் பிழை இல்லை. நிரல் போட்டவர்களுக்குக் கூத்து எப்படித் தொடங்குகிறது என்று தெரியாது, அவ்வளவுதான்.

எப்படித் தொடங்குகிறது என்று சொல்கிறேன். கடவுள் வணக்கம், சபை வணக்கம் முடிய, கட்டியக்காரன் வருவான். ராசா வருகிறார் என்று சொல்ல அவனுக்குப் பாட்டு இருக்கிறது, வசனம் இருக்கிறது, சனத்தைச் சிரிக்க வைக்கிற இடமும் இருக்கிறது. பிறகு ராசாவின் வரவு. தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் விருத்தம், அதற்குப் பிறகு தாளத்தோடு பாடும் தரு. அவர் ஒரு அடி பாட நாங்கள் திருப்பிப் பாடுவோம். மத்தளம் மெல்ல ஏறும். பாடியபடியே அவர் மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வந்து, தான் ஆர், தன் நாடு எது, தன் மனம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று சனத்துக்கு முன்னால் நிறுவிவிட்டுத்தான் சிம்மாசனத்தில் இருப்பார். அதற்கே இருபது நிமிடம் பிடிக்கும். நீங்கள் தந்த நேரம் முடிகிறபோது எங்கள் ராசா இன்னும் கதிரையில் இருக்கவில்லை.

ஆகவே என்ன செய்கிறோம்? வரவை வெட்டுகிறோம். கட்டியக்காரனை ஒரு வசனத்தோடு அனுப்பிவிடுகிறோம். பிற்பாட்டைக் குறைக்கிறோம். மந்திரி வருவதே இல்லை. மிஞ்சுவது சண்டைக் காட்சியும், ஒரு உச்சக் குரல் விருத்தமும், வாள் உரசுகிற சத்தமும். பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூத்தென்றால் உடுப்புப் போட்டுக்கொண்டு கத்துவது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் என்ன குறை சொல்வது?

கரையோரக் கூத்து என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. குருநகர், பாஷையூர், நாவாந்துறை, மாதகல் போன்ற கத்தோலிக்கக் கரைகளில் ஆடுவது தென்மோடி என்ற கூத்து வகை. மட்டக்களப்பில் வட்டக்களரியில் சுற்றிச் சுழன்று ஆடுவது மாதிரி இங்கே ஆட்டம் பெரிதில்லை. மேடையும் சீன் திரையும் வந்து கனகாலம். இங்கே பாட்டுத்தான் எல்லாம். குரலை உச்சத்தில் எடுத்து அங்கேயே நிறுத்திக் காட்டாவிட்டால் முன்வரிசையில் இருக்கும் கிழவிகள் விடமாட்டார்கள். எஸ்தாக்கியார், செபஸ்தியார், ஞானசௌந்தரி, சங்கிலியன், என்றிக் எம்பரதோர் என்று எங்களிடம் இருக்கும் கதைகள் பலவும் வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளும் ராசாக்களும்தான். கூத்துக் கலைஞர் பூந்தான் யோசேப்பு என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் கரையில் வயது போனவர்கள் எழும்பி இருந்து கதைப்பார்கள். மன்னாரில் 'யாழ்ப்பாணப் பாங்கு' என்று ஒரு கூத்து வகையே இருக்கிறது. அந்த அளவுக்கு எங்கள் பாட்டு அங்கே போயிருக்கிறது. வடமராட்சிக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே காத்தவராயன் கூத்து, சிந்துநடை, அம்மன் கோயில் முன்றல்.

அந்தக் காத்தவராயன் கூத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது இன்னும் சாகவில்லை. இன்றைக்கும் விடிய விடிய ஆடுகிறார்கள், சனம் பாயைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்து பார்க்கிறது. அதற்கு எந்தத் திணைக்களமும் திட்டம் போடவில்லை. அது அம்மனுக்கு நேர்த்திக்கடன். நேர்த்தியைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்ல ஆருக்கும் துணிவு வராது. காத்தான் கழுவேறுவது விடியப்புறத்தில்தான். அவனைப் பகல் பதினொன்றரைக்கு, பிரதம விருந்தினர் வேறொரு கூட்டத்துக்குப் போக முதல், கழுவேற்றிக் காட்டச் சொன்னால் அது வேறு என்னவோ ஆகிவிடும்.

தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் பாடும் வியாகுலப் பிரசங்கமும் அப்படித்தான். 1742இல் இறந்துபோன யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளின் பெயரோடு வழங்கிவரும் அந்த ஒப்பாரியை இன்றைக்கும் பெண்கள் புத்தகத்தைப் பாராமலே பாடுவார்கள். தவக்காலம் வருடா வருடம் வரும், பெரிய வெள்ளி வரும், ஆகவே பாட்டும் வரும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பாருங்கள். பெடியள் கிழமைக் கணக்கில் நித்திரை முழித்து மூங்கிலும் தாளும் ஒட்டுகிறார்கள். வாடைக்காற்று தருகிற நாளில், கடல் தருகிற இடத்தில் ஏற்றுகிறார்கள். தூர இடத்துச் சனமெல்லாம் வாகனம் பிடித்து வந்து பார்க்கிறது. அந்தக் கலையைக் காப்பாற்றுவோம் என்று ஆரும் கருத்தரங்கு வைக்கவில்லை.

தனக்கென்று ஒரு நேரமும் இடமும் இருக்கிற கலை தன்பாட்டில் நிற்கிறது. எங்கள் கூத்துக்கு அந்த இரவு பறிபோய்விட்டது. அது எப்படிப் போனது என்பது உங்களுக்கும் தெரிந்த கதைதான். 1990இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்குக் கரை முழுதும் எழும்பி ஓடியது. அங்கே உள்ள மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். 1993இல் குருநகர் புனித யாகப்பர் கோயிலில் குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் நடந்து வெளியேறின. கூத்துப் பழக ஒரே ஊரில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், இருபது பேராவது மாதக்கணக்கில் இரவிரவாக வந்துபோக வேண்டும். ஊரடங்கு இருந்த ஊரில் அது எப்படி நடக்கும்? அப்புறம் மிஞ்சியவர்களில் பாதிப்பேர் பாரிசிலும் இலண்டனிலும். அங்கே மண்டபம் எடுத்து ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். இங்கே இருக்கிற எங்களுக்கு வீடியோ வரும்.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கித்தானே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றினார், அதனால்தானே கூத்துக்கு மரியாதை வந்தது, நீங்கள் ஏன் சுருக்குவதை எதிர்க்கிறீர்கள்? நியாயமான கேள்வி. 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியபோது கூத்தைப் பாமரர் கலை என்று தள்ளி வைத்தவர்கள் வாயடைத்துப் போனது உண்மை. ஆனால் அவர் செய்தது வேறு. மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரைக் கூப்பிட்டு, மாணவர்களை முதலில் முறையாகப் பழக்கி, பிறகுதான் எதை வைக்கலாம், எதை விடலாம் என்று பார்த்தார்கள். நீண்ட கூத்தை அறிந்தவர்கள் உட்கார்ந்து செய்த குறுங்கூத்து அது. உங்கள் விழாவில் நடப்பது அதுவல்ல. சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது என்பதற்காக வெட்டுகிறீர்கள். அதோடு, சுருக்குவதற்கு முதலில் நீளமான ஒன்று இருக்க வேண்டும். முழுக்கூத்தை ஒருநாளும் ஆடியிராத பெடியன் எதிலிருந்து சுருக்குவான்?

இன்னொரு கதையும் சொல்வார்கள்: சனம் வராது, ஆர் இந்தக் காலத்தில் இரவு முழுக்க இருந்து பார்ப்பது என்று. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த தென்னிந்திய இசை நிகழ்ச்சிக்கு வந்த சனம் தடுப்பையே உடைத்தது எல்லாருக்கும் தெரியும். இரவில் வெளியே இருந்து பார்க்க யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு மனமும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. கூத்துக்கு வராது என்று வைத்துப் பார்க்காமலே எப்படிச் சொல்வது?

சரி, செய்யலாம் என்று நினைத்தால் எப்படிச் செய்வது என்று கொஞ்சம் சொல்கிறேன். இது அலுவலகத்தில் இருந்து பார்த்தால் தெரியாத விசயம் என்பதால் சொல்கிறேன், குறையாக எடுக்க வேண்டாம்.

நாளில் இருந்து தொடங்கலாம். எங்கள் நடிகர்கள் கடற்றொழிலாளர்கள். கடலில் கம்பு நட்டு வலை கட்டும் களங்கண்ணிக்குப் போகிறவர்கள், வலை போடுகிறவர்கள், விடிய வந்து மீன் கொடுத்துவிட்டுப் படுக்கிறவர்கள். வாரநாள் காலை ஒன்பதரை என்பது அவர்களுக்கு நடுச்சாமம் மாதிரி. கத்தோலிக்கக் கரையில் ஞாயிறு ஓய்வுநாள், ஆகையால் சனி இரவு தொழிலுக்குப் போவதில்லை. நிலவு காலத்தில் மீன் படுவதும் குறைவு. நிலவுள்ள ஒரு சனிக்கிழமை என்று பார்த்து வைத்தால் ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் கரையில் நிற்பார்கள். எங்கள் பெரியவர்கள் நாள் பார்த்தது இப்படித்தான்.

மாதமும் முக்கியம். அரச நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது என்பதால் விழாக்கள் எல்லாம் நவம்பர், டிசம்பரில் வந்து குவிகின்றன. ஒதுக்கிய காசு திரும்பிப் போய்விடக் கூடாது என்ற அவசரம் புரிகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் மாரி மழை அடிப்பதும் அப்போதுதான். வெளியில் மேடை போட முடியாது என்பதால் எல்லாம் மண்டபத்துக்குள் போகிறது. மண்டபத்துக்குள் போனதும் நேரக் கணக்கு வந்துவிடுகிறது. இரவு நிகழ்ச்சியை மழை விட்ட பிறகு, தை கடந்து, தவக்காலத்துக்கு முந்தியோ, அல்லது பாஸ்குவுக்கு (உயிர்த்த ஞாயிறுக்கு)ப் பிறகு சோளகக் காற்று எழும்ப முன்னரோ வையுங்கள். காசை டிசம்பருக்குக் கட்டி வைக்காதீர்கள்.

காசு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. ஒருமுறை மத்தளத்துக்குத் தோல் மாற்றுவதற்கு உதவி கேட்டபோது, மூன்று இடத்தில் விலைமனு எடுத்து வரச் சொன்னார்கள். மத்தளம் கட்டுகிற ஆள் எங்களுக்குத் தெரிந்து ஒருத்தர்தான். அவருக்குக் கடிதத்தலைப்பும் இல்லை, ரப்பர் முத்திரையும் இல்லை. சட்டத்தை மீறச் சொல்லவில்லை, அதற்கு ஏதாவது ஒரு வழி உங்களுக்குத்தான் தெரிந்திருக்கும். செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டுக் கொண்டுவாருங்கள் என்பதும் எங்களுக்குச் சரிவராது. 2022 ஓகஸ்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனதில் இருந்து கரையில் கையிருப்பு என்ற ஒன்றே கிடையாது. வேசம் கட்டுகிறவர் தன் உடுப்புக்குத் தானே காசு போட்டு ஆடுவது எங்கள் வழமை, அதை இன்னும் செய்வோம். மேடை, லைற், ஒலிபெருக்கி, ஜெனரேற்றர் ஆகியவற்றுக்கு முற்பணம் தந்தாலே போதும்.

மண்டபத்துக்குள் ஒருபோதும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொதுநூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளத்தடியில் இந்திய உதவியில் கட்டி 2023 பெப்ரவரியில் கையளித்த கலாசார மையம், இப்போது திருவள்ளுவர் பெயரில் இருப்பது, அறுநூறு பேர் இருக்கக்கூடிய அரங்கு. நல்ல அரங்கு. அங்கே ஒரு கூத்தை வைப்பதென்றால் தயவுசெய்து அண்ணாவியாரைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். மேடை வடிவாக இருக்க வேண்டும் என்று மத்தளக்காரரையும் எங்களையும் பக்கத் திரைக்குள் தள்ளிவிட்டு மைக் மட்டும் தருகிறார்கள். அண்ணாவியார் நடிகனின் காலைப் பார்த்துத்தான் தாளம் கொடுக்கிறார். நடிகன் அண்ணாவியாரின் முகத்தைப் பார்த்துத்தான் அடியை நீட்டுவதா முடிப்பதா என்று முடிவெடுக்கிறான். இருவருக்கும் நடுவில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் கூத்து நொண்டும். மேடையின் ஒரு ஓரத்தில், சனம் பார்க்கக்கூடியதாக, இருக்க ஒரு வாங்கு போட்டுத் தாருங்கள். கழுத்தில் மாட்டுகிற மைக்கும் உச்சக் குரலைத் தாங்குவதில்லை, இரைகிறது. நல்ல மைக் இரண்டை மேடைக்கு மேலே தொங்கவிட்டால் போதும், எங்கள் ஆட்களுக்குக் குரல் இருக்கிறது.

பதிவு செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. கூத்துப் புத்தகங்கள் பல அச்சில் வந்திருக்கின்றன, 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் போய்ப் பார்த்தால் கனக்கக் கிடைக்கும். நல்ல காரியம். ஆனால் புத்தகத்தில் 'தரு' என்று போட்டுப் பாட்டின் சொற்கள் மட்டும் இருக்கும். மெட்டு இராது. அது அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. ஒரே கூத்தை குருநகரில் பாடுகிற மாதிரி நாவாந்துறையில் பாடமாட்டார்கள். ஒரு அண்ணாவியார் போனால் அந்தக் கரையின் மெட்டு முழுதும் போய்விடும், கையில் கொப்பி மட்டும் இருக்கும். வயதுபோன காலத்தில் கலாபூஷணம் கொடுப்பது சந்தோசந்தான். அந்த விருதைக் கொடுக்கிற கிழமையே ஒரு ஒலிப்பதிவுக்காரரையும் அவர் வீட்டுக்கு அனுப்பி, அவருக்குத் தெரிந்த கூத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும், இரண்டு மூன்று நாள் எடுத்தாலும் சரி, பாட வைத்துப் பதியுங்கள். பொன்னாடைக் காசு மிச்சம் பிடித்தால் பாதிச் செலவு வந்துவிடும். இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடங்கள் பற்றி எனக்கு இரண்டு மனம். தமிழ்மொழித் தினப் போட்டியில் நாட்டுக்கூத்துக்கு இடம் இருப்பதால்தான் இன்றைக்குப் பல பிள்ளைகளுக்கு மத்தளச் சத்தமே தெரியும். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருப்பதும் பெரிய விசயம். பெண்பிள்ளைகள் ராசா வேசம் கட்டுகிறார்கள், எங்கள் காலத்தில் ராணிக்கே மீசை மழித்த ஆம்பிளை தேட வேண்டி இருந்தது. ஆனால் போட்டிக்கும் நேர எல்லை, அதுவும் வெட்டின கூத்து. போட்டிக்கு முதல் ஒரு மாதம் அண்ணாவியாரைக் கூப்பிட்டுப் பழக்க வைத்துவிட்டு, கேடயத்தை வாங்கியதும் அவரை மறந்துவிடுகிறார்கள். சங்கீதத்துக்கும் பரதத்துக்கும் வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைக்கிறது, ஆசிரியர் நியமனம் வரைக்கும் ஒரு ஏணி இருக்கிறது. கரையில் பிறந்த கூத்துக்காரப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. இது பெரிய கதை, இந்த மடலுக்குள் அடங்காது.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். கடற்கரை மக்களின் கலை என்று சொல்லி மேடையில் ஆடவிடும் அந்த மீனவ நடனம். சேலையை முழங்காலுக்கு மேல் செருகி, கூடையில் பிளாஸ்ரிக் மீன் வைத்து, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் ஆடுவது. பிள்ளைகள் வடிவாக ஆடுகிறார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை. கரைவலை இழுக்க உண்மையில் பாடிய அம்பாப் பாட்டு வேறு. இழுவை கனக்கும்போது பாட்டு நீளும், வலை இளகும்போது வேகம் பிடிக்கும். பிறகு பல இடங்களில் உழவு இயந்திரம் வலையை இழுக்க வந்தது, பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. அதை மேடையில் உயிர்ப்பிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பாடத் தெரிந்த பெரியவர்கள் மிச்சம் இருக்கும்போதே பதிந்து வையுங்கள், அது போதும். கூத்து அப்படியல்ல. அதற்கு இன்னும் ஆள் இருக்கிறது, ஆட ஆசை இருக்கிறது.

நடக்காத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் எத்தனையோ வருடம், யுத்தத்துக்கு நடுவிலும், இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தையும் கூத்தையும் மேடையேற்றிக் காட்டியது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனின் மயான காண்டத்தைப் பாடினால் ஊர் ஊராக இரவிரவாகச் சனம் இருந்தது. அது இசை நாடகம், எங்கள் கூத்தல்ல. ஆனால் அதைப் பார்த்தவர்களும் இதே சனத்தின் தாய் தகப்பன்தான்.

ஆகவே முதலாவது இரவுக்கு எங்கள் பக்கத்தில் இருந்து என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைதானம் எங்கள் பொறுப்பு. பங்குத்தந்தையுடன் நாங்கள் கதைக்கிறோம். நடிகருக்கும் பிற்பாட்டுக்கும் சம்பளம் வேண்டாம். இரவு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் பணிசும் ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். உரைகள் வேண்டுமென்றால் மாலை ஆறரையில் இருந்து ஏழு வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அரை மணித்தியாலம் தாராளம். ஏழு மணிக்குப் பிறகு மேடை அண்ணாவியாரின் கையில், விடியும்வரை ஆரும் மணி பார்க்கக் கூடாது. பழகுவதற்கு எங்களுக்கு மூன்று மாதமாவது முன்னறிவித்தல் வேண்டும்.

இது பற்றிக் கதைக்க வருவதென்றால் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முதல் வந்தால் முதல் நாள் இரவு தொழிலுக்குப் போனவர்கள் நித்திரையில் இருப்பார்கள். கடிதம் மூலம் அறிவிப்பதென்றால் அண்ணாவியாரின் பெயருக்கு அனுப்புங்கள், எனக்கு வேண்டாம். நான் பிற்பாட்டுக்காரன்.

இப்படிக்கு,
பாஷையூர்க் கரையிலிருந்து ஒரு கூத்துக்காரன்